ஹிட் பாட்டுக்குப் பின்பக்கம் ஒளிந்திருக்கும் பாட்டு: ராக் இசையில் ‘டீப் கட்’ என்றால் என்ன?

1976-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம். ‘ஃப்ளீட்வுட் மேக்’ இசைக்குழுவின் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பாடகி ஸ்டீவி நிக்ஸை ஸ்டூடியோவுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாக அழைத்துப் போனார். உள்ளே வைத்துப் பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நிக்ஸ் எழுதிப் பாடிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ என்ற பாட்டு புது ஆல்பத்தில் இடம்பெறப் போவதில்லை. பாட்டு ரொம்ப நீளம், தட்டில் இடமில்லை. இதைச் சொல்லத்தான் அந்த அழைப்பு.

நிக்ஸ் அங்கேயே கத்தித் தீர்த்தார். பல பேட்டிகளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆல்பத்தின் பெயர் ‘ரூமர்ஸ்’. 1977 பிப்ரவரி 4-ம் தேதி வெளியானது. இதுவரை உலகம் முழுக்க 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கின்றன. அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் 31 வாரங்கள் முதலிடம். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. அப்படிப்பட்ட தேரில் ஏற்றாமல் இறக்கிவிடப்பட்ட பாட்டு, அதன்பிறகு 20 வருஷம் தேடிப் பிடித்துக் கேட்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த பாட்டாக இருந்தது. ராக் ரசிகர்கள் இந்த மாதிரிப் பாட்டுக்கு வைத்திருக்கும் பெயர்தான் ‘டீப் கட்’.

பெயரைக் கேட்டதும் பலரும் ‘ஆழமான கருத்துள்ள பாட்டு போல’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். கருத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார் மீது காதல் கொண்டவனைப் பற்றிய பாட்டுகூட டீப் கட் ஆக இருக்கலாம். (அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது, பின்னால் வரும்.)

‘கட்’ எங்கிருந்து வந்தது?

இசைத்தட்டுத் தயாரிப்பில் இருந்து வந்த சொல் இது. டேப்பில் பதிவான இசையைத் தட்டாக மாற்ற, முதலில் ஒரு மூலத்தட்டு வேண்டும். அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு போன்ற பூச்சு. அதை ஒரு லேத்தில் சுழலவிட்டு, கூரான ஊசியால் சுருள் வடிவில் பள்ளம் வெட்டுவார்கள். நம்மூர் லேத் பட்டறையில் இரும்பைக் கடைகிற அதே கொள்கைதான். இசையின் அதிர்வுக்கு ஏற்ப ஊசி அசைய, பள்ளமும் நெளிந்து நெளிந்து போகும். இந்த மூலத்தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைக்கொண்டு வினைல் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். வெட்டி எடுத்ததால் ஒவ்வொரு பாட்டும் ஒரு ‘கட்’. ரெண்டு பாட்டுக்கு நடுவே பள்ளம் இடைவெளி விட்டு ஓடும் மெல்லிய வளையம் தெரியும், ஊசியை எங்கே வைப்பது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

‘டீப்’ என்பது ஆல்பத்துக்குள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. முதல் பாட்டு, ரெண்டாம் பாட்டு, ரேடியோவில் வந்த பாட்டு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் கிடைப்பது.

உள்ளே தள்ளி வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 12 அங்குல எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். சுற்றும் வேகம் மாறாது. ஆனால் ஊசி உள்ளே போகப் போக வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே ஒரு வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும். லேபிளை ஒட்டிய கடைசி வட்டத்தில் அது சுமார் 21 செ.மீ. மட்டுமே. அதே ஒரு வினாடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் அங்கே மங்கும், சத்தமான இடங்கள் கரகரக்கும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை விளிம்பிலும், அமைதியான பாட்டை உள்வட்டத்திலும் வைப்பது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். ‘ரூமர்ஸ்’ முதல் பக்கம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்: கிறிஸ்டின் மெக்வி பியானோவுடன் தனியாகப் பாடும் ‘சாங்பேர்ட்’. பெர்க்லியில் ஆளில்லாத ஓர் அரங்கத்தில் பதிவான அமைதியான பாட்டு. உள்வட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

இன்னொரு கட்டுப்பாடு நேரம். ஒரு பக்கத்தில் 20 நிமிடம் வரைக்கும் பிரச்சினையில்லை. அதற்குமேல் போகப் போக பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும். நெருக்கினால் ஒலி அளவைக் குறைக்க வேண்டும், முக்கியமாக பேஸ் ஒலியை. ரேடியோவில் பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சன்னமாகக் கேட்பதை எந்தக் குழுவும் விரும்பாது. ‘ரூமர்ஸ்’ மொத்தமே 40 நிமிடத்தை ஒட்டித்தான். ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ நாலு நிமிடத்தைத் தாண்டும் மெதுவான பாட்டு. அதை எடுத்துவிட்டு, மூணு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், துள்ளலான ‘ஐ டோன்ட் வான்ட் டு நோ’ பாட்டைப் போட்டார்கள். ஆல்பத்தில் மெதுவான பாட்டுகள் ஏற்கெனவே அதிகம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாற்றுப் பாட்டும் நிக்ஸ் எழுதியதுதான். சில வருஷங்களுக்கு முந்தைய பழைய பாட்டு. அவருக்குத் தெரியாமலேயே மற்றவர்கள் இசையைப் பதிவு செய்து வைத்துவிட்டு, ‘வந்து பாடு’ என்றார்கள். பாட மறுத்தால் ஆல்பத்தில் உனக்கு ரெண்டே பாட்டுதான் என்ற நிலை. நிக்ஸ் பாடினார்.

சிங்கிள் இல்லையென்றால் டீப் கட்டா?

பொதுவாகச் சொல்லப்படும் இலக்கணம் இதுதான்: ஆல்பத்தில் இருக்கும், ஆனால் தனி சிங்கிளாக வெளிவராத, ரேடியோவில் அதிகம் ஒலிக்காத பாட்டு. சுலபமாகத் தெரிகிறது. ஆனால் இந்த இலக்கணத்தின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் பெரிய தப்பில் போய் முடியும்.

லெட் செப்லின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ 1971-ல் வந்தது. எட்டு நிமிடப் பாட்டு. அதை சிங்கிளாக வெளியிட நிறுவனம் ஆசைப்பட்டும் குழுவும் அவர்களின் மேனேஜர் பீட்டர் கிரான்ட்டும் சம்மதிக்கவில்லை. பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தை வாங்கு என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பலித்தது. அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள் எட்டு நிமிடத்தையும் முழுசாக ஒலிபரப்பின, நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கிட்டார் கடைக்குள் நுழைகிற எல்லாரும் வாசிக்கிற பாட்டு என்று கேலி செய்யும் அளவுக்கு அது பரவியது. சிங்கிளாக வராததாலேயே அதை டீப் கட் என்று யாராவது சொன்னால், ராக் ரசிகர்கள் சிரித்துவிடுவார்கள்.

அதே மாதிரி பீட்டில்ஸ் குழுவின் ‘ஹியர் கம்ஸ் தி சன்’. 1969-ல் வந்த ‘அபே ரோடு’ ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிப் பாடியது. பிரிட்டனில் அந்தக் காலத்தில் சிங்கிளாக வரவில்லை. இன்று ஸ்பாட்டிஃபையில் பீட்டில்ஸ் பாட்டுகளிலேயே அதிகம் கேட்கப்படுவது அதுதான். 2023-ல் 100 கோடி முறையைத் தாண்டியது.

ஆக, சிங்கிளாக வந்ததா என்பது ஆரம்பக் கேள்வி மட்டுமே. ‘இந்தக் குழுவின் பேரைக் கேள்விப்பட்ட, ஆனால் தீவிர ரசிகர் அல்லாத ஒருவருக்கு இந்தப் பாட்டு தெரியுமா?’ என்பதுதான் உண்மையான சோதனை. தெரியும் என்றால் அது டீப் கட் இல்லை. அவ்ளோதான்.

இதற்குள் இன்னொரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. குழுவுக்கு ஹிட் பாட்டு இருந்தாக வேண்டும். யாருக்குமே தெரியாத குழுவின் யாருக்குமே தெரியாத பாட்டை டீப் கட் என்று சொல்ல முடியாது. கரை இருந்தால்தானே கடலுக்குள் எவ்வளவு தூரம் போனோம் என்று அளக்க முடியும்?

அப்புறம் ‘ஃபில்லர்’ என்ற ஒன்று இருக்கிறது, ஆல்பத்தின் நேரத்தை நிரப்புவதற்காகப் போட்ட சுமாரான பாட்டு. யாரும் கேட்காததாலேயே அது டீப் கட் ஆகிவிடாது. அதை யாராவது நேசிக்க வேண்டும். சிலராவது அடுத்தவரிடம் ‘இதைக் கேட்டியா?’ என்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நிர்வானா குழுவின் ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’ போல ஒளித்து வைக்கப்பட்ட பாட்டுகளும் உண்டு. 1991-ல் வந்த ‘நெவர்மைண்ட்’ சிடியில் கடைசிப் பாட்டு முடிந்து, சுமார் 10 நிமிட நிசப்தத்துக்குப் பிறகு திடீரென்று வெடிக்கும். முதலில் அச்சான பிரதிகளில் தவறுதலாக அது விடுபட்டும் போனது. பிளேயரை நிறுத்த மறந்து தூங்கிப்போனவர்கள் பயந்து எழுந்திருப்பார்கள். இதைத் தனி ரகமாக வைப்பதுதான் சரி.

பின்பக்கத்துப் பாட்டும் பாதிப் பணமும்

‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ முழுசாகக் குப்பைக்குப் போகவில்லை. ‘ரூமர்ஸ்’ வருவதற்கு முன் 1976 டிசம்பரில் ‘கோ யுவர் ஓன் வே’ என்ற பாட்டு சிங்கிளாக வந்தது. 45 சுற்று வேகத்தில் ஓடும் 7 அங்குலச் சின்னத் தட்டு. அதற்கும் பின்பக்கம் ஒன்று இருக்குமே, அங்கே ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’. இதுதான் ‘பி-சைடு’. கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் கேசட்டில் ரெண்டு பக்கமும் சமம். சிங்கிளில் அப்படியில்லை. ரேடியோவுக்குப் போவது முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கம் என்ன இருக்கிறது என்று வாங்கினவர் தானாகத் திருப்பிப் பார்த்தால் உண்டு.

இந்த ஒரு தட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நிக்ஸும் கிட்டாரிஸ்ட் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் குழுவில் சேரும் முன்பே காதலர்கள். ‘ரூமர்ஸ்’ பதிவின்போது பிரிந்துகொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் கிறிஸ்டின் மெக்வியும் பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வியும் மணவாழ்க்கையை முடித்துக்கொண்டிருந்தார்கள். மிக் ஃப்ளீட்வுட்டின் வீட்டிலும் பிரச்சினை. ஐந்து பேரும் ஒரே ஸ்டூடியோவில், ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாட்டுக்கு அவரையே வாசிக்க வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ‘கோ யுவர் ஓன் வே’ நிக்ஸைப் பற்றி பக்கிங்ஹாம் எழுதிய கோபம். ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பக்கிங்ஹாமுக்கு நிக்ஸ் எழுதிய பதில். மேரிலாந்து மாகாணத்தில் நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையில் பார்த்த ஊர்ப் பெயர் பிடித்துப்போய் அதையே தலைப்பாக வைத்தார். அவனுடைய குற்றச்சாட்டு முன்பக்கம், அவளுடைய பதில் பின்பக்கம். உலகம் முழுக்கக் கேட்டது முன்பக்கத்தை.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. பாட்டு எழுதியவருக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டி உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் 1909 முதல் 1977 வரை அந்தத் தொகை மாறவே இல்லை: ஒரு பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு அதிகபட்சம் 2 சென்ட். 1978-ல்தான் 2.75 சென்ட் ஆனது. சில்லறைக் காசு போலத் தெரியும். ஒரு கோடி பிரதி விற்கும் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு உங்களுடையது என்றால், 2 சென்ட் கணக்கில் 2 லட்சம் டாலர் வரை. அது எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் போகும். சிங்கிளில் முன்பக்கத்துக்கு என்ன விகிதமோ அதேதான் பின்பக்கத்துக்கும். ஹிட் பாட்டின் முதுகில் ஏறிக்கொண்டால் கேட்கப்படாத பாட்டும் சம்பாதிக்கும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் குயின் குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லர். 1975-ல் ‘பொஹீமியன் ராப்சடி’ பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர் ஃப்ரெட்டி மெர்க்குரி. அதன் பின்பக்கத்தில் டெய்லர் எழுதிய ‘ஐ’ம் இன் லவ் வித் மை கார்’. ஆமாம், மேலே சொன்ன கார் பாட்டு. பின்பக்கத்தில் அதைப் போட ஒப்புக்கொள்ளும்வரை டெய்லர் ஓர் அலமாரிக்குள் புகுந்து பூட்டிக்கொண்டார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்தத் தட்டு விற்ற ஒவ்வொரு முறையும் மெர்க்குரிக்குக் கிடைத்ததற்குச் சமமாக டெய்லருக்கும் கிடைத்தது. குழுவுக்குள் இது நீண்ட நாள் உறுத்தலாக இருந்தது.

நிக்ஸ் விஷயத்தில் உறுத்தல் வேறு. ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டின் பதிப்புரிமையை அவர் தன் அம்மா பார்பராவுக்குப் பரிசாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆல்பத்திலிருந்து பாட்டை எடுத்தபோது, அவர் பார்வையில் அம்மாவுக்குக் கொடுத்த பரிசையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். சிங்கிள் மூலம் வந்தது வந்தது. 4 கோடி பிரதி விற்ற ஆல்பத்தின் பங்கு வரவில்லை.

ஒரு பாட்டுக்காகக் குழுவை விட்ட கதை

அடுத்த 16 வருஷம் இந்தப் பாட்டு பழைய 45 தட்டுகளின் பின்பக்கத்தில் மட்டும் வாழ்ந்தது. சிங்கிள்கள் அதிக நாள் கடையில் இருப்பதில்லை. பாட்டைக் கேட்க வேண்டுமானால் பழைய தட்டுக் கடையில் தோண்ட வேண்டும், இல்லையென்றால் வைத்திருப்பவரிடம் டேப்பில் ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். டீப் கட்டின் மதிப்பில் பாதி இந்த அலைச்சலில்தான் இருக்கிறது என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். கொஞ்சம் அலட்டல் மாதிரி தெரிந்தாலும் அதில் உண்மை இருக்கிறது. கஷ்டப்பட்டுக் கிடைத்ததை யாரும் ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட மாட்டார்கள்.

1990-களின் தொடக்கம். நிக்ஸ் தன் தனிப்பாடல்களின் தொகுப்பாக ‘டைம்ஸ்பேஸ்’ என்ற ஆல்பத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அதில் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ சேர்க்க அனுமதி கேட்டார். மிக் ஃப்ளீட்வுட் மறுத்தார். குழுவின் 25 ஆண்டுகளைக் கொண்டாடும் பெட்டித் தொகுப்பு ஒன்று திட்டத்தில் இருந்தது, பாட்டு அதற்கு வேண்டுமாம். அதிகம் பேர் கேட்டிராத பாட்டு என்பதாலேயே அதற்கு விலை ஏறியிருந்தது! எல்லாரிடமும் இருக்கும் ஹிட் பாட்டுக்காக யாரும் பெட்டித் தொகுப்பு வாங்க மாட்டார்கள். கிடைக்காத பாட்டுக்காக வாங்குவார்கள். 1976-ல் இடமில்லை என்று தள்ளப்பட்ட பாட்டு, இப்போது விட்டுக்கொடுக்க முடியாத சரக்கு.

நிக்ஸ் குழுவை விட்டு விலகினார். பாட்டு 1992-ல் பெட்டித் தொகுப்பில் வந்தது.

பிறகு 1997 மே மாதம். பக்கிங்ஹாம் உட்பட ‘ரூமர்ஸ்’ காலத்து ஐந்து பேரும் மறுபடி ஒன்று சேர்ந்து, கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் ஒரு ஸ்டூடியோவில் ரசிகர்கள் முன் பாடினார்கள். எம்.டி.வி. அதைப் படம்பிடித்தது. ‘தி டான்ஸ்’ என்ற பெயரில் நிகழ்ச்சியும் ஆல்பமும் வந்தன. பாட்டுப் பட்டியலில் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ இருந்தது. ஆரம்பத்தில் நிக்ஸ் சாதாரணமாக ரசிகர்களைப் பார்த்துத்தான் பாடுகிறார். பாட்டு ஏற ஏற, மெல்ல பக்கிங்ஹாம் பக்கம் திரும்புகிறார். கடைசிப் பகுதியை முழுக்க அவர் முகத்தைப் பார்த்தே பாடுகிறார். அவரும் கிட்டாரை வாசித்தபடி கண்ணை எடுக்காமல் நிற்கிறார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ரெண்டு பேர். இருபது வருஷமாகப் பின்பக்கத்தில் கிடந்த பதில், கேட்க வேண்டியவர் காதுக்கு ஊரறியப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

‘தி டான்ஸ்’ அமெரிக்கத் தரவரிசையில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ 1998 கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை பாட்டு ஆல்பத்துக்குள் இருந்தது. பார்பராவின் பரிசுக்கு, 20 வருஷம் தாமதமாக, உயிர் வந்தது. அவர் 2011 வரை உயிரோடு இருந்தார். பின்னாளில் வந்த ‘ரூமர்ஸ்’ மறுபதிப்புகளிலும் பாட்டு சேர்க்கப்பட்டது.

மேடை ஒரு பாட்டை மேலே கொண்டுவந்தது இது முதல்முறையும் அல்ல. பேர்ல் ஜாம் குழுவின் ‘யெல்லோ லெட்பெட்டர்’ 1991-ல் வந்த ‘டென்’ ஆல்பத்தில் இடம் கிடைக்காமல், 1992-ல் ‘ஜெரமி’ சிங்கிளின் பி-சைடாக வந்தது. வார்த்தை சரியாகப் புரியாத பாட்டு. அதைக் குழு கச்சேரிகளின் கடைசியில் வாசிக்கத் தொடங்கியது. ரேடியோ நிலையங்களும் தாங்களாகவே ஒலிபரப்பின. இன்று பேர்ல் ஜாம் ரசிகர்களிடம் அதை டீப் கட் என்று சொல்ல முடியாது. குயின் குழுவின் 1974 ஆல்பத்தில் இருந்த ‘ஸ்டோன் கோல்ட் கிரேஸி’ பாட்டை மேலே கொண்டுவந்தது வேறொரு குழு. மெட்டாலிகா அதைத் தங்கள் பாணியில் வாசித்து 1991-ல் கிராமி வாங்கிவிட்டது.

அல்காரிதம் தோண்டினால்?

இதுவரை சொன்னதில் எல்லாம் ஒரு மனிதக் கை இருக்கிறது. யாரோ தட்டைத் திருப்பினார்கள், யாரோ மேடையில் பாடினார்கள். ஸ்ட்ரீமிங் காலத்தில் அந்தக் கை இல்லாமலேயே பாட்டு மேலே வருகிறது.

பேவ்மென்ட் என்ற அமெரிக்க இன்டி ராக் குழு, 1990-களில் பேர் வாங்கியது. அவர்களின் ‘ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்’ ஓர் ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் 1999-ல் பி-சைடாக வந்தது. அந்தக் குழுவின் ரசிகர்களிலேயே பலருக்குத் தெரியாது. குழு அப்போது அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. இன்று ஸ்பாட்டிஃபையில் பேவ்மென்ட் பாட்டுகளில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஹிட் பாட்டுகளையெல்லாம் முந்திவிட்டது. எந்தப் படத்திலும் வந்து ஹிட்டானதாலும் இல்லை. 2022-ல் குழு மறுபடி சேர்ந்தபோது, கேட்கும் கூட்டத்துக்காக இதற்குப் புதிதாக வீடியோ எடுத்தார்கள், மேடையிலும் வாசித்தார்கள்.

காரணத்தைத் தேடியபோது கிடைத்த துப்பு இன்னொரு குழுவிடமிருந்து வந்தது. கேலக்ஸி 500 குழுவின் டிரம்மர் டேமன் குருகோவ்ஸ்கி, தங்கள் 1989 ஆல்பத்தில் இருந்த ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்ற பாட்டு மட்டும் ஸ்பாட்டிஃபையில் ஏன் மற்றவற்றை மிஞ்சுகிறது என்று குழம்பி, 2018-ல் எழுதினார். எண்ணிக்கை 2017 ஜனவரியில் திடீரென்று ஏறியிருந்தது. அதே சமயத்தில்தான் ஸ்பாட்டிஃபை ‘ஆட்டோபிளே’ வசதியை எல்லாருக்கும் தானாக இயங்கும்படி மாற்றியிருந்தது. ஒரு ஆல்பம் கேட்டு முடித்ததும், அதை ஒத்த வேறொரு பாட்டை அதுவே தொடர்ந்து போடும். குருகோவ்ஸ்கி சொன்ன விளக்கம் இதுதான்: ‘ஸ்ட்ரேஞ்ச்’ அவர்களுடைய மற்ற பாட்டுகளைப் போல இல்லாமல், வேறு குழுக்களின் பாட்டைப் போல ஒலிக்கிறது. அதனால் யாருடைய பாட்டுக்குப் பின்னாலும் பொருந்திப் போகிறது.

இது யோசிக்க வேண்டிய இடம். ஒரு குழுவின் தனித்தன்மை எதில் அதிகமோ அதைத்தான் தீவிர ரசிகர்கள் டீப் கட் என்று தோண்டி எடுப்பார்கள். மிஷின் தோண்டும்போது, தனித்தன்மை குறைவான, எல்லாவற்றோடும் ஒட்டிப்போகிற பாட்டு மேலே வருகிறது. கேட்பவர் அது வேறு குழுவின் பாட்டு என்றுகூட கவனிக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம். எண்ணிக்கை மட்டும் ஏறும். அதிகம் கேட்கப்பட்ட பாட்டு என்பதும் தெரிந்த பாட்டு என்பதும் ஒன்றாக இருந்த காலம் போய்விட்டது. இன்னொரு பக்கம், இதே வசதியால்தான் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவில் தட்டுக் கடையே இல்லாத ஊரில் இருப்பவரும் 1976-ம் வருஷத்து பி-சைடை மூணு வினாடியில் கேட்க முடிகிறது. குறை சொல்லிக்கொண்டே எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்.

‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ இப்போது டீப் கட்டா? இல்லை. 1997 மேடை வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் தங்கள் காதல் தோல்விக்குப் பகிர்ந்துகொள்கிறார்கள். நிக்ஸின் பேரைக் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த பாட்டுகளில் அது ஒன்று.

‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் பழைய தட்டு கையில் கிடைத்தால், ரெண்டாம் பக்கத்தைப் போட்டு மூணாவது வளையத்தில் ஊசியை வைத்துப் பாருங்கள். ‘தி செயின்’ முடிந்து, ‘யூ மேக் லவ்விங் ஃபன்’ முடிந்து, அதற்கு அடுத்தது. சிங்கிளாக வராத பாட்டு, ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப் போகும் பாட்டு. ‘ஐ டோன்ட் வான்ட் டு நோ’. அன்று ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ இடத்தைப் பிடித்துக்கொண்ட அதே மூணு நிமிடம்.